நாய்த்தலை தின்னி

சீசன் தொடங்கிய மூன்றே வாரத்தில் அசும்போகா இரண்டு மூக்கையும் ஒரு தோளெலும்பையும் உடைத்திருந்தாள். மூக்குகள் தற்செயல் என்று அவளே சொல்வாள், நம்பவும் செய்யலாம். தோளெலும்பு தற்செயல் இல்லை. அந்த எதிரணிப் பெண், இவர்களுடைய கோல்கீப்பர் லாமிசியின் முகத்தில் துப்பியிருந்தாள். அடுத்த கார்னர் உதையின்போது அசும்போகா எம்பிக் குதித்து, பந்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மொத்த உடம்பையும் அவள்மேல் இறக்கினாள். நடுவர் மஞ்சள் கார்டு காட்டினார். அந்தப் பெண்ணை மூன்றுசக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவள் போட்ட கூச்சல் சந்தை முனைவரை கேட்டது. மேட்டில் நின்ற ஜனம் "சுத்தியல், சுத்தியல்" என்று கத்தியது.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. போல்கா என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் போல்கடாங்காவுக்கு வெளியே, போங்கோ போகும் சாலையில் ஒரு கல் உடைக்கும் களம் இருக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை அசும்போகா அங்கேதான் குந்தியிருந்தாள். பழைய டயரைக் கொளுத்திப் பாறையைச் சுட்டு, பிளந்து, சுத்தியலால் அடித்து ஜல்லியாக்குவது அங்கே பெண்கள் வேலை. அவளுடைய அம்மாவின் இடது கண் அங்கேதான் போனது. ஒரு சில்லு தெறித்தது, அவ்வளவுதான். அன்று சாயங்காலம்வரை மற்ற கண்ணை வைத்துக்கொண்டு கல் உடைத்துவிட்டுத்தான் அம்மா வீட்டுக்கு வந்தாள்.

களத்து முதலாளி ஒரு கால்பந்துப் பைத்தியம். எல்லோரும் அவரைச் சேர்மன் என்பார்கள். களத்தில் கை கால் உரம் பாய்ந்த பெண்களாகப் பொறுக்கி எடுத்து 'கிரானைட் லேடீஸ்' என்று ஓர் அணியை ஆரம்பித்தவர், ஐந்தே வருஷத்தில் அதைத் தேசிய லீக் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார். அணியில் இருக்கும்வரை விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு, மாதச் சம்பளம். லீக்கிலிருந்து கீழே இறங்கினால் அணியைக் கலைத்துவிடுவேன் என்று அவர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருந்தார். களத்தில் சுத்தியல் இன்னும் நிறையக் கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அசும்போகாவுக்கு இருபத்தாறு வயது. அணியின் காப்டன். அந்தக் களத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வாழ்க்கையில் வேறு கொள்கை எதுவும் கிடையாது.

வடக்கு மண்டலத்தில் பத்து அணிகள், ஆளுக்குப் பதினெட்டு ஆட்டம், கடைசி இரண்டு அணிகள் வெளியே. பெண்கள் கால்பந்து என்றதும் ரிப்பன் கட்டிய பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஓடுவதாக நினைப்பவர்கள் ஒருமுறை வடக்கே வந்து பார்க்க வேண்டும். தலைநகரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதர்கள் பெண்கள் விளையாட்டை வளர்ப்பது பற்றி வருஷத்துக்கு ஒரு சொற்பொழிவு செய்வார்கள். இங்கே மைதானம் என்பது செம்மண்ணும் சரளையும். சறுக்கி விழுந்தால் தொடைத்தோல் அங்கேயே தங்கிவிடும். தோற்கிற அணிக்கு அடுத்த வருஷம் சோறு இல்லை. சோறு இல்லை என்று ஆன பிறகு யார் ரிப்பன் கட்டுவார்கள்?

நான்காவது வாரம், வறண்ட புழுதிக்காற்று வானத்தையே வெள்ளையாக்கி வைத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜிராப்பா குயின்ஸ் போல்காவுக்கு ஆட வந்தார்கள். பஸ்ஸிலிருந்து முதலில் குதித்தவள் அவர்களுடைய ஒன்பதாம் நம்பர், பெர்பெத்துவா டெரி. ஒல்லி, நெட்டை, முன்பல் இரண்டுக்கும் நடுவே சந்து. முந்தைய சீசனில் பதினான்கு கோல் அடித்தவள். கீழே கால் வைத்ததும் கையைக் காதில் வைத்துக்கொண்டு நாலாபக்கமும் பார்த்தாள்.

"என்னடி இது, ஊருக்குள்ள வந்து இவ்வளவு நேரமாச்சு, ஒரு நாய் கொரைக்கிற சத்தம் கேக்கல. மிச்சம் வைக்காம தின்னுட்டீங்களா?"

அசும்போகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றாள். "வாடி ஜிராப்பாக் கழுதை. உன்னச் சந்தையில வித்தா ஒரு நாய்வாலு தேறாது, உனக்குப் பேச்சப் பாரு."

போல்கா ஜனம் ஃப்ராஃப்ரா. ஜிராப்பா ஜனம் டகாபா. இரண்டு சாதிக்கும் கேலிமுறை. எந்தக் காலத்திலோ அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரு நாயைச் சமைத்தார்களாம், தலையை யார் தின்பது என்று தகராறு வந்ததாம், ஒருவன் தலையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் இந்தப் பக்கம் வந்து ஃப்ராஃப்ரா ஆனானாம். அன்றிலிருந்து பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ள வேண்டும். திட்டு வாங்கியவர் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் சபையில் கோழி அபராதம். அடுத்தவர் சொத்தைப் பிடுங்கிக்கொள்ளலாம், அப்பன் ஆத்தாளை இழுக்கலாம், பிணத்தைக்கூட ஏசலாம். ஒன்றே ஒன்றுதான் கூடாது. ஒருவர் ரத்தத்தை ஒருவர் சிந்தக் கூடாது.

நடுவராக வந்த அம்மாள் தெற்கே கடற்கரை ஊர்க்காரி. அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? ஆட்டம் தொடங்கிப் பத்தாவது நிமிஷம் இருவரும் மாறி மாறிப் பெற்றவர்களைச் சந்திக்கு இழுப்பதைக் கேட்டு விசில் ஊதி, இருவருக்கும் மஞ்சள் கார்டு நீட்டினார். உடனே இருவரும் ஒரே கட்சியாகி அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நாங்கள் முறைக்காரிகள், இது மரியாதை, திட்டாமல் இருந்தால்தான் தப்பு என்று அசும்போகா விளக்க, ஆமாம் ஆமாம், இவள் தின்பது நாய்த்தலைதான், நான் பொய் சொல்லவில்லை என்று பெர்பெத்துவா சாட்சி சொன்னாள். உள்ளூர்க்காரனான லைன்ஸ்மேன் கொடியை முகத்தில் மூடிக்கொண்டு குலுங்கினான்.

பெர்பெத்துவா அன்று இரண்டு கோல் போட்டாள். இரண்டாவது, அசும்போகாவின் இரண்டு காலுக்கும் நடுவே பந்தைத் தட்டிவிட்டுப் போட்டது. போட்டுவிட்டுத் திரும்பி வந்து, சிறுபிள்ளைக்குச் செய்வதுபோல அவள் தலையைத் தட்டிக்கொடுத்தாள். வேறு எவளாவது செய்திருந்தால் பல்லைப் பொறுக்கிக்கொண்டு போயிருப்பாள். அசும்போகாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தோற்ற ஆட்டத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. முடிந்ததும் தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தாள். பெர்பெத்துவா பின்னாலிருந்து வந்து அதைப் பிடுங்கி, பாதியைக் குடித்து, மீதியை அவள் தலையிலேயே ஊற்றினாள். தண்ணீரைக் கொடுத்து உபசரிப்பது விருந்தாளிகளைத்தான். கேலிக்காரி பிடுங்கிக்கொள்வாள்.

அதன் பிறகு வந்த இரண்டு மாதமும் ரத்தக்களறிதான். டெச்சிமான் பக்கம் ஓர் ஊரில் கிரானைட் லேடீஸ் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள், ஜெயித்த பாவத்துக்கு ஊரே மைதானத்துக்குள் இறங்கியது. லைன்ஸ்மேனைக் குடைக்கம்பியால் முதுகு கிழிய அடித்தார்கள். தண்ணீர்ப் பாக்கெட்டுக்குள் கல்லை வைத்து எறிந்ததில் லாமிசியின் மண்டை பிளந்தது. ஓடுகிற பஸ்ஸில், சீட்டுக்கு அடியில் படுக்கவைத்து, டீமின் நர்ஸ் ஏழு தையல் போட்டாள். அசும்போகா வாசல்படியில் நின்று, ஏற வந்தவர்களை ஒவ்வொருவராக நெஞ்சில் உதைத்துத் தள்ளினாள். ஒருவன் அவள் கடைவாய்ப் பல்லை மோட்டார்சைக்கிள் சங்கிலியால் பெயர்த்துவிட்டான். அவள் அந்தச் சங்கிலியையே பிடுங்கி அவன் முகத்தில் திருப்பிப் போட்டாள். இன்னோர் ஆட்டத்தில் ஒரு பெண் அவள் கணுக்காலை மூன்று தடவை மிதித்தாள். நான்காவது தடவைக்கு அசும்போகா முழங்கையை உயர்த்திக் காத்திருந்தாள். அந்தப் பெண் மண்டியிட்டு உட்கார்ந்து தன் உதட்டுத் துண்டைப் புழுதியில் தேடினாள்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஏழு வருஷம் அடித்த கல் ஒருநாளும் திருப்பி அடித்ததில்லை. மனிதர்கள் திருப்பி அடித்தார்கள், அதில் அவளுக்கு ஒரு மரியாதை தெரிந்தது. விடுதியில் ராத்திரிச் சோறு தின்னும்போது எவளுக்கு எத்தனை தையல் என்று பெண்கள் பெருமை பேசிக்கொள்வார்கள், அவளும் பேசுவாள். பாவம் என்று யாரையும் நினைத்துப் படுத்ததில்லை.

ஏப்ரல் வெயிலில் அசும்போகாவின் அப்பா செத்துப்போனார். மூன்று நாள் காய்ச்சல். அவள் போய்ச் சேர்வதற்குள் பாயில் சுற்றி வைத்துவிட்டார்கள். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு, குழி வெட்டுகிறவர்களின் மண்வெட்டிச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள். கல் களத்துச் சத்தம்போலவே இருந்தது. அந்த நேரத்தில் வாசலில் ஒரு மோட்டார்சைக்கிள் புகையைக் கக்கிக்கொண்டு வந்து நின்றது. ஆறு மணி நேரம் செம்மண் சாலையில் வந்ததில் தலை முதல் கால்வரை சிவப்பாக, பெர்பெத்துவா இறங்கினாள்.

யாரையும் கும்பிடவில்லை, துக்கம் கேட்கவில்லை. நேரே போய்ப் பிணத்தின் தலைமாட்டில் இருந்த கிழவரின் தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் குழியின் வாய்மேல் இரண்டு காலையும் உள்ளே தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தக் கெழவன் எனக்கு ஒரு நாய்த்தல கடன். குடுக்கணுமேன்னு பயந்துதான் செத்துட்டான், கஞ்சப்பய. தல வராம பொணம் உள்ள போகாது. எத்தன நாள் ஆனாலும் சரி, நான் எந்திரிக்க மாட்டேன்."

அழுதுகொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியப்பா கெஞ்சினார், அவள் அவருடைய தாடியைப் பற்றி ஏதோ சொல்லி அவரையும் சிரிக்கவைத்தாள். கடைசியில் ஒரு கினிக்கோழியைக் கொடுத்துத்தான் எழுப்ப முடிந்தது. எழுந்து போகிற போக்கில், சுவரோரம் நின்ற அசும்போகாவின் காதில், "ஒங்கப்பன் மூஞ்சியும் நாய் மூஞ்சிதான்டி, தலயத் தேடவே வேண்டாம்" என்றாள். அசும்போகா வெடித்துச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. பெர்பெத்துவா தொப்பியும் கோழியுமாக அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கும்வரை அவளுடைய வம்சத்தையே ஏசிக்கொண்டிருந்தாள். தன் வாழ்நாளில் இத்தனை அன்பாக யாரும் தன்னிடம் பேசியதில்லை என்று அசும்போகா பின்னால் லாமிசியிடம் சொன்னாள்.

ஜூனில் முதல் மழை விழுந்தபோது கிரானைட் லேடீஸ் கடைசி இரண்டு இடத்துக்கு ஒரே படி மேலே தொங்கிக்கொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தது ஓர் ஆட்டம். தோற்றால் வெளியே, சமன் செய்தால் தப்பிப்பார்கள். ஆட்டம் ஜிராப்பாவில்.

கோச் அகோல்கோ நல்ல மனிதர்தான், சேர்மனுக்கு முன்னால் முதுகெலும்பு மட்டும் கிடையாது. காலையில் ஜிராப்பாவுக்கு வெளியே பஸ்ஸை நிறுத்தி, பெண்கள் கொக்கோ என்னும் கம்பங்கஞ்சியும் பயற்று வடையும் தின்றுகொண்டிருக்கும்போது, அசும்போகாவை மட்டும் ஒரு மரத்தடிக்குக் கூப்பிட்டார். அந்த ஒன்பதாம் நம்பர் இருபத்தோரு கோல் போட்டிருக்கிறாள் என்றார். அவள் இல்லாவிட்டால் அவர்களுக்குக் கோலே கிடையாது என்றார். மண்ணைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொன்னார்.

"பத்து நிமிஷத்துக்கு மேல அவ கால் தரையில நிக்கக் கூடாது. ரெட் கார்டு வந்தா வரட்டும். சேர்மன் சொல்லச் சொன்னாரு."

"அவ என் கேலிக்காரி, கோச்."

"தெரியும்மா. இல்லன்னா இருபத்திரண்டு பேரு கல் களத்துக்குத் திரும்பிப் போகணும், அதுவும் உனக்குத் தெரியும்."

அசும்போகாவின் கஞ்சி ஆறிப்போனது. ஒன்றை மட்டும் தீர்மானித்துக்கொண்டாள். பெர்பெத்துவாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவள் ஒதுங்கி ஆடுவாள், அல்லது காலில் சுளுக்கு என்று வெளியே உட்கார்ந்துகொள்வாள். யாரும் யாரையும் உடைக்க வேண்டியதில்லை.

ஆட்டத்துக்கு முன்பு இரண்டு அணியையும் எதிரெதிரே வரிசையாக நிறுத்தி, நடுவர் ஒவ்வொருத்தியின் அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். பெர்பெத்துவா நேர் எதிரே நின்றாள். அசும்போகா தலையைக் குனிந்து மெல்லிய குரலில் சொன்னாள். "இன்னைக்கு உன் கால ஒடைக்கச் சொல்லியிருக்காங்க. உள்ள எறங்காத."

பெர்பெத்துவாவின் முகம் மலர்ந்துபோனது. தன் வரிசை முழுக்கக் கேட்கும்படி அதை அப்படியே திருப்பிச் சொன்னாள். நாய்த்தலை தின்னி என் காலைத் தின்னப் போகிறாளாம், தலை அலுத்துவிட்டதாம். பதினோரு பெண்களும் கைகொட்டிச் சிரித்தார்கள்.

முதல் பாதியில் அசும்போகா அவளைத் தொடவில்லை. கோச் சொன்ன பத்து நிமிஷமும் போனது, இருபதும் போனது. கோட்டோரத்தில் அகோல்கோ தொண்டை கிழியக் கத்தினார், அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஒருமுறை பந்து வெளியே போன நேரத்தில் பெர்பெத்துவாவின் பனியனைப் பிடித்து இழுத்து, நான் விளையாடவில்லை, நிஜமாகச் சொல்கிறேன் என்றாள். நீ விளையாடவில்லை என்பது ஊருக்கே தெரிகிறது, நான்தான் விளையாடுகிறேன் என்று பதில் வந்தது. முப்பதாவது நிமிஷம் பெர்பெத்துவா ஒரு கோல் போட்டாள். பாதி முடியும் நேரத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை அசும்போகா தலையால் முட்டிச் சமன் செய்தாள். அந்தத் தாவலில் ஜிராப்பாக்காரி ஒருத்தியின் புருவம் கிழிந்து கண் மூடும் அளவுக்கு ரத்தம் இறங்கியது.

இடைவேளையில் மைதானத்து மூலைக் குழாயடியில் பெர்பெத்துவா முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அசும்போகா தனியாகப் போய் நின்றாள். ஏச்சு இல்லாமல், பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"பெர்பெத்துவா. எங்கப்பன் குழிமேல சத்தியம். இரண்டாவது பாதி ஆடாத."

பெர்பெத்துவா நிமிர்ந்தாள். ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, அவள் புருவம் சுருங்கியது. அப்புறம் குழாயைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"அந்தக் குழிமேல குந்தினவளே நான்தான்டி. அந்தக் கெழவன் மேலயா சத்தியம்? நல்லா கத்துக்கிட்ட. இவ்வளவு நல்லா எங்க ஊர்லயே ஒருத்தியும் பண்ண மாட்டா."

கேலிக்காரியிடம் உண்மை சொல்ல ஒரு வழியும் இல்லை. முறை அப்படி. எத்தனைக்கெத்தனை நிஜமாகச் சொன்னாளோ அத்தனைக்கத்தனை அது நல்ல கேலியாகப் போய்விட்டது. அசும்போகாவுக்கு அவள் கன்னத்தில் ஓங்கி அறையலாம்போல ஆத்திரம் வந்தது. அறைந்திருந்தால் அதையும் ரசித்திருப்பாள்.

எண்பத்து நான்காவது நிமிஷம். ஒன்றுக்கு ஒன்று. கிரானைட் பெண்களுக்குக் கால் பின்னியது, மழை பெய்த செம்மண் பூட்ஸில் அப்பிக் கனத்தது. நடுவிலிருந்து ஒரு நீளமான பந்து வந்தது. பெர்பெத்துவா அதை நெஞ்சில் வாங்கி, அசும்போகாவைத் தோளால் ஏமாற்றிவிட்டுத் தாண்டிப் போனாள். முன்னால் லாமிசி மட்டும்தான் நின்றாள், மண்டைத் தழும்பும் விரித்த கைகளுமாக. பெனால்ட்டிக் கோட்டுக்கு இன்னும் நாலு எட்டு, தாண்டினால் கோல்.

கோச் சொன்னது அப்போது அசும்போகாவின் நினைவில் இல்லை. சேர்மனும் இல்லை, இருபத்திரண்டு பேரும் இல்லை. கல் களம் இருந்தது. புகையும் வெயிலும், அம்மா ஒற்றைக் கண்ணோடு குந்தியிருப்பதும், பக்கத்தில் தனக்கென்று போட்டு வைத்த சாக்கும் தெரிந்தன. அவள் தெரிந்துதான் செய்தாள். ஊன்றியிருந்த காலைப் பார்த்து, கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே இடம் பார்த்து, இரண்டு காலையும் சேர்த்துப் பின்னாலிருந்து பாய்ந்தாள். கல்லில் சரியான ரேகையில் அடி விழுந்தால் ஒரு சத்தம் வரும். ஏழு வருஷம் கேட்ட சத்தம். அதே சத்தம்தான் வந்தது.

பெர்பெத்துவாவின் சாக்ஸைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே நின்றது. ரத்தம் அசும்போகாவின் முழங்காலில் சூடாகப் பட்டது. நடுவர் ரெட் கார்டை எடுத்ததை அவள் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவில்லை, அதற்குள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஜிராப்பா ஜனம் உள்ளே வந்துவிட்டது. முதலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவள் முதுகில் உடைந்தது. சடையைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். விலாவில் பூட்ஸ், செருப்பு, வெறுங்கால் என்று எல்லாம் விழுந்தது. ஒருவன் அவள் வலது கையை விரித்துப் பிடிக்க, இன்னொருவன் விரல்களின் மேல் ஏறிக் குதித்தான். கொல்லுங்கள் என்று ஒரு பெண் குரல் கேட்டது. லாமிசி அவள்மேல் விழுந்து மறைக்கப் பார்த்தாள், அவளையும் காதோடு சேர்த்து மிதித்துத் தூக்கி எறிந்தார்கள். போலீஸ்காரர்கள் இரண்டே பேர். தூரத்தில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒரு செங்கல்லைத் தூக்குவதை அசும்போகா புழுதிக்குள்ளிருந்து பார்த்தாள். சரி, இருக்கட்டும் என்றுதான் தோன்றியது.

"விடுங்கடா அவள."

கத்தியது பெர்பெத்துவா. முழங்கையை ஊன்றிப் பாதி எழுந்திருந்தாள். முகம் சாம்பலாக வெளுத்துக் கிடந்தது, குரல் மட்டும் அதே சந்தைக் குரல்.

"அந்த நாய்த்தல தின்னி என் கேலிக்காரி. முறைக்காரி மேல கை வைக்கிறவன் எவன்? எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும், நடுவுல நீங்க யாருடா?"

செங்கல் வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டான். கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் இருவர், ஆமாம், கேலிமுறை, ஃப்ராஃப்ரா ரத்தத்தை நாம் சிந்தக் கூடாது, விலகுங்கள் என்று ஆட்களைப் பிடித்துத் தள்ளினார்கள். சிந்திக் கிடந்த டகாபா ரத்தத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அரை மணி கழித்து ஆட்டம் மறுபடி தொடங்கியது, ஃப்ரீ கிக் லாமிசியின் விரலில் பட்டு வெளியே போனது, ஒன்றுக்கு ஒன்று என்றே முடிந்தது. கிரானைட் லேடீஸ் தேசிய லீக்கில் தங்கினார்கள். திரும்பி வரும்போது பெண்கள் பஸ்ஸின் தகரத்தைத் தட்டிப் பாடினார்கள். சேர்மன் போனில் அழைத்து, காப்டனுக்கு வாழ்த்துச் சொன்னார். மூன்று விலாவும் நான்கு விரலும் உடைந்த காப்டன் பின்சீட்டில் படுத்து, அந்தக் கடைசி ஏச்சையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தாள். தன்னை நாய்த்தலை தின்னி என்று அவள் இன்னும் கூப்பிடுகிறாள். அப்படியானால் ஒன்றும் முறிந்துவிடவில்லை.

மூன்று வாரம் கழித்து, மூச்சு இழுத்தால் விலா குத்துவது கொஞ்சம் குறைந்ததும், அசும்போகா போல்கா சந்தைக்குப் போய் ஒரு நாய்த்தலை வாங்கினாள். மிளகாயும் உப்பும் போட்டு அவளே வேகவைத்தாள். ஃப்ராஃப்ரா ஒருத்தி டகாபாக்காரிக்குத் தலையைக் கொண்டுபோய்க் கொடுப்பதா? தாத்தன் பாட்டன் காலத்திலிருந்து நடக்காத காரியம். அதற்கு எப்படியெல்லாம் ஏச்சு வாங்கப்போகிறோம் என்று யோசித்துக்கொண்டே, பாத்திரத்தை மடியில் வைத்து ஆறு மணி நேரம் பயணம் செய்தாள். மறுமொழிக்கு நாலைந்து புதிய ஏச்சும் தயாராக வைத்திருந்தாள்.

ஜிராப்பா ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் எட்டுக் கட்டில். ஜன்னலோரக் கட்டிலில், கம்பிகள் குத்தி நிறுத்திய காலைத் தலையணைமேல் வைத்து, பெர்பெத்துவா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அசும்போகா வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏ ஜிராப்பாக் கழுதை. கால நீட்டிப் படுத்துக்கிட்டு ஊரான் சோத்தத் திங்கிறியா? இந்தா, உங்க வம்சமே பாக்காதது கொண்டாந்திருக்கேன்."

பெர்பெத்துவா திரும்பிப் பார்த்தாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. பக்கத்தில் இருந்த தன் அம்மாவிடம் ஒரு நாற்காலி போடச் சொன்னாள்.

"வாங்க. உக்காருங்க. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

அசும்போகா நின்றபடியே இருந்தாள். பெர்பெத்துவா ஒவ்வொன்றாக விசாரித்தாள். போல்காவில் மழை எப்படி, அம்மாவின் கண் எப்படி, விலா ஆறிவிட்டதா, அணியில் எல்லோரும் சுகமா. ஊர் பேர் தெரியாத ஆள் வந்தால் எந்த வரிசையில் விசாரிப்பார்களோ அந்த வரிசை, ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். எதற்கு இவ்வளவு சிரமம் என்று சொல்லி, இரண்டு கையாலும் வாங்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்தாள். டாக்டர் இனி ஆட முடியாது என்று சொல்லிவிட்டார் என்பதையும், மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீங்க மூணு தடவை சொன்னீங்க. நான்தான் கேக்கல. மனசுல வச்சுக்காதீங்க."

அசும்போகா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தயாராக வைத்திருந்த ஏச்சு ஒன்றுகூட வாயில் வரவில்லை. ஒரே ஒரு தடவை திட்டு என்று கேட்டாள். என்ன வேண்டுமானாலும் சொல், எங்கப்பனைச் சொல், என்னை அடி, அந்தத் தலையை எடுத்து என் மூஞ்சியில் வீசு என்று கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். டெச்சிமானில் பல் பெயர்ந்தபோதுகூட அழாதவள் அந்த வார்டின் நடுவில் நின்று தேம்பினாள்.

பெர்பெத்துவா அவள் அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். அப்புறம் அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அந்த அம்மாள் பானையிலிருந்து சுரைக்குடுவையில் தண்ணீர் மொண்டு, முழங்காலை மடித்து, இரண்டு கையாலும் அசும்போகாவிடம் நீட்டினாள்.

"குடிங்க," என்றாள் பெர்பெத்துவா. "தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க."

அசும்போகா குடுவையை வாங்கி, வளைந்துபோன விரல்களால் பிடித்து, தண்ணீர் முழுவதையும் குடித்தாள். விருந்தாளி மீதம் வைக்கக் கூடாது.